எஃப் போட்ட இரவுகள்

அயனோகிராமை முதல் தடவை பார்க்கிறவர் யாரானாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏன் சார் ரெண்டு கோடு?" கல்லூரி மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். தணிக்கைக்கு வந்த அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். மீட்டர் ரீடிங் எடுக்க வந்த மின்வாரிய ஊழியர் ஒருவரும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். நாங்கள் மேலே அனுப்புவது ஒரு ரேடியோ அலை. திரும்பி வருவது இரண்டு. மேலே இருப்பது பூமியின் காந்தப்புலத்துக்குள் கிடக்கிற பிளாஸ்மா என்பதால் வருகிற வினை அது. முப்பது வருடத்துக்கும் மேலாக நான் சம்பளம் வாங்கியது அந்த இரண்டு கோடுகளைப் படித்துச் சொல்வதற்காக. படிக்க முடியாத இரவுகளில் என்ன எழுதுவது என்பதும் அந்த வேலையில் சேர்த்தி. இன்றைக்குக் கணக்குப் பார்த்தால் அந்தப் பின்பகுதிதான் அதிகம் உதவியிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1970களின் கடைசியில், தெற்கே ஒரு நிலையத்தில். கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாகப் படுத்துக் கிடக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. அது இந்தியாவைத் தொடுவது தென்முனையில் மட்டும். தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் நைக்-அப்பாச்சி ராக்கெட்டை விட்டதற்கு அந்தக் கோடு பக்கத்தில் இருந்ததுதான் காரணம். அதற்கும் முன்னாலேயே கொடைக்கானல் வானாய்வகத்திலும், திருச்சியில் அகில இந்திய வானொலியிடமும் அயனோசோண்ட் ஓடிக்கொண்டிருந்தது. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் உலகம் முழுக்க இப்படிப் பல நிலையங்கள் ஒரே கால அட்டவணையில் வானத்தைத் தட்டிப் பார்த்தன. நான் சேர்ந்தபோதும் அந்த அட்டவணைதான்: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம், ராப்பகல் இல்லாமல்.

அயனோசோண்ட் எந்திரம் செய்வது எளிய காரியம். ஒரு மெகாஹெர்ட்ஸில் தொடங்கி இருபது வரை அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே துடிப்புகளாக மேலே அனுப்பும். ஒவ்வொரு அதிர்வெண்ணும் தன்னைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு எலக்ட்ரான்கள் அடர்ந்திருக்கும் உயரம் வரை போய்த் திரும்பும். போய்வர எடுத்த நேரத்தை உயரமாக மாற்றி ஆசிலோஸ்கோப் திரையில் போடும். அதை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் கேமரா பிடிக்கும்; அந்தப் படம்தான் அயனோகிராம். அதிர்வெண் கூடக்கூட எதிரொலி உயரத்தில் ஏறி, ஒரு கட்டத்தில் செங்குத்தாக நிமிர்ந்து மறைந்துவிடும். அதற்கு மேற்பட்ட அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது. அந்த எல்லைதான் கிரிட்டிக்கல் ஃப்ரீக்வென்ஸி. அது 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் அடுக்கின் உச்சியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 லட்சம் எலக்ட்ரான்கள். கோடு நிமிரும்போது திரையில் 600, 700 கிலோமீட்டர் என்று உயரம் காட்டும். அதை நம்பக்கூடாது. பிளாஸ்மாவுக்குள் துடிப்பு தவழ்ந்து போவதால் வந்த பொய் உயரம் அது. உண்மை உயரம் வேண்டுமென்றால் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஃபிலிமைக் கழுவி, காயவைத்து, புரொஜெக்டர் மேஜையில் ஏற்றி, மணிக்கு ஒரு படமாகப் படித்து அட்டவணையில் எழுதுவதற்கு ஸ்கேலிங் என்று பெயர். எனக்கு ஸ்கேலிங் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த உதவியாளர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. "முதல்ல ஒரு மாசம் பாரு. கைய வைக்காதே" என்றார்.

பார்த்ததில் முதலில் பிடிபட்டது இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி. இரண்டும் ஒரே மாதிரி வளைந்து, ஒன்று சற்று வலப்பக்கம் தள்ளி நிமிரும். இடது கோடு ஓ அலை, வலது கோடு எக்ஸ் அலை. காலை, மாலை, மழைக்காலம், கோடை என்று கிரிட்டிக்கல் ஃப்ரீக்வென்ஸி எத்தனையோ விதமாக ஏறி இறங்கினாலும் இடைவெளி மட்டும் அரை மெகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கும். காந்தப்புலத்தைச் சுற்றி எலக்ட்ரான் சுழலும் வேகத்தில் பாதி அது. எங்கள் தலைக்கு மேல் 300 கிலோமீட்டரில் அந்தச் சுழற்சி வினாடிக்குப் பத்து லட்சம் தடவை, அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ். புலம் வலுவான இங்கிலாந்தில் இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலமாக, 0.6 பக்கம் இருக்கும். துருவத்தை ஒட்டிய நிலையங்களில் சில நேரம் இசட் என்று மூன்றாவது கோடுகூட விழும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவைத்தவர்களில் முதல் பெயர் ஆப்பிள்டன். 1924இல் பிபிசியின் போர்ன்மவுத் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு வானில் ஒரு அடுக்கு இருப்பதைக் காட்டியவர். 1947இல் நோபல் பரிசு பெற்றவர். எங்கள் அலமாரியில் கல்கத்தாவின் எஸ்.கே. மித்ரா எழுதிய 'தி அப்பர் அட்மாஸ்பியர்' அட்டை பிய்ந்து நின்றது. ஆனால் சமன்பாடுகளின் உதாரணப் படங்களில் பெரும்பாலானவை காந்தப்புலம் சாய்ந்து நிற்கிற ஐரோப்பிய, அமெரிக்க வானத்துக்கு உரியவை. அங்கே இரண்டு அலைகளும் வட்டமாகச் சுழன்றுகொண்டு வரும், ஒன்று இடம், ஒன்று வலம். புலம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் எங்கள் ஊரில் நேர்மேலே போகும் அலைக்குச் சுழற்சியே இல்லை. ஓ அலையின் மின்புலம் வடக்கு தெற்காக, காந்தப்புலத்தோடு ஒட்டி அதிரும்; அதனால் காந்தப்புலம் இருப்பதே அதற்குத் தெரியாது. எக்ஸ் அலை கிழக்கு மேற்காக அதிரும். புலத்தின் பிடி முழுக்க அதன் மேல்தான்.

இது வெறும் ஏட்டுப்பாடம் இல்லை என்பதை ஒரு வடகிழக்குப் பருவமழை காட்டிக்கொடுத்தது. காற்றில் ஏரியல் மரம் ஒன்று சாய்ந்தது. காந்தத் திசைக்கு 45 டிகிரி குறுக்காக ஏரியலைக் கட்டுவதே வழக்கம். அப்போதுதான் இரண்டு அலைகளுக்கும் சமபங்கு கிடைக்கும். திரும்ப நட வந்த ஒப்பந்தக்காரர் பழைய குழி தண்ணீரில் கிடக்கிறதென்று மேடான இடமாகப் பார்த்து நட்டுவிட்டுப் போனார். மறுநாள் படங்களில் ஒரே கோடு, பளிச்சென்று. பார்க்க அழகாக இருந்தது. புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அதை ஓ என்று எடுத்துக்கொண்டு மதியம்வரை எழுதிவிட்டார். அண்ணாச்சி அட்டவணையைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்தார். "நேத்தைக்கும் இன்னைக்கும் எல்லா மணியிலயும் அரை மெகாஹெர்ட்ஸ் கூடியிருக்கே, சூரியன் ராத்திரியோட ராத்திரியா வளந்துட்டாரா?" என்றார். காம்பஸை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். ஏரியல் சுத்தமாகக் கிழக்கு மேற்காக நின்றது. வந்துகொண்டிருந்தது எக்ஸ் அலை மட்டும்தான். ஏரியலைத் திருப்பும் வரை எல்லா எண்களிலும் அரை மெகாஹெர்ட்ஸ் கழித்து, பக்கத்தில் ஜே என்று எழுத்துப் போட்டோம். ஓ அலையின் அளவு எக்ஸ் அலையிலிருந்து கணக்கிட்டு எடுத்தது என்பதற்கான அடையாளம் அது.

இந்த எழுத்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலக நிலையங்கள் எல்லாம் ஒரே கையேட்டைப் பின்பற்றின. பிகாட், ராவர் இருவரும் தொகுத்தது; 1972 பதிப்பு எங்கள் மேஜையிலேயே கிடக்கும். எண்ணைப் படிக்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு எழுத்து. எந்திரக் கோளாறு, மின்வெட்டு என்றால் சி. அலையைக் கீழ் அடுக்கு உறிஞ்சிவிட்டால் பி. கீழே தடித்த ஈ அடுக்கு மறைத்தால் ஏ. இடியோ வேறு நிலையங்களின் குறுக்கீடோ என்றால் எஸ். எதிரொலி கலைந்து பரவிவிட்டால் எஃப். எண் கிடைத்தும் ஐயம் இருந்தால் அதன் பக்கத்தில் யு. ஒரு மாத அட்டவணையை எடுத்தால் எண்களுக்கு நடுவே இந்த எழுத்துகள் அந்த மாதத்தின் கதையைச் சொல்லும். ஏப்ரல், மே மாலைகளில் எஸ் கூடினால் கோடை இடி. சி கூடினால் டீசல் ஜெனரேட்டருக்கு எண்ணெய் வரவில்லை.

எஸ் எழுத்து இன்னொரு மாற்றத்தையும் பதிந்து வைத்திருக்கிறது. என் ஆரம்ப வருடங்களில் இரவுப் படங்களில் 7, 9, 11 மெகாஹெர்ட்ஸ் பக்கம் செங்குத்தான பட்டைகள் வேலிபோல் நிற்கும். அத்தனையும் சிற்றலை வானொலி நிலையங்கள். அவற்றுக்குப் பின்னால் எங்கள் கோடு ஒளிந்துகொள்ளும். வருடங்கள் போகப்போகப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2017இல் பிபிசி தமிழோசையும் சிற்றலையில் நின்றது. ஸ்கேலிங் செய்கிறவனுக்கு வசதி. இரவு டியூட்டியில் டிரான்சிஸ்டரைத் திருகுகிறவனுக்கு நஷ்டம். நான் இரண்டுமாக இருந்தேன்.

பகல் நேரத்து அதிசயம் எலக்ட்ரோஜெட். பெரு நாட்டின் ஹுவாங்காயோவில் 1922இல் காந்தமானி நிறுவியபோது நண்பகலில் ஊசி இயல்பைவிட அதிகமாக ஏறுவதைப் பார்த்தார்கள். நடுக்கோட்டுக்கு மேல் ஒடுங்கிய பட்டையாக மின்னோட்டம் ஓடுவதே காரணம் என்று தெளிந்து, 1951இல் சிட்னி சாப்மன் அதற்குப் பெயர் வைத்தார். இதுவும் புலம் படுத்துக் கிடப்பதன் விளைவுதான். பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் இருக்கும். அது 105 கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான்களைச் செங்குத்தாகத் தள்ளப் பார்க்கும். மேலும் கீழும் போக வழியில்லாமல் மின்னூட்டம் தேங்கி, செங்குத்தாக இன்னொரு வலுவான மின்புலம் உண்டாகும். அந்தப் புதுப் புலம் எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் விரட்டும். விரட்டல் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் பிளாஸ்மா பொடிப்பொடியான அலைகளை எழுப்பும். அயனோகிராமில் அது நூறு கிலோமீட்டரில் மங்கலான மேகமாகத் தெரியும்; அதன் ஊடே மேல் அடுக்குகளும் தெளிவாகத் தெரியும். க்யூ வகை என்று குறிப்போம்.

சில பிற்பகல்களில் இந்த மேகம் சட்டென்று காணாமல் போகும். ஒரு படத்தில் இருக்கும், அடுத்த படத்தில் இராது. ஏரியல் இணைப்பை அசைத்துப் பார்ப்போம். எந்திரத்தில் கோளாறு இராது. அந்த நாட்களைத் தனியாகக் குறித்து வைத்து, மாதக் கடைசியில் காந்தமானிப் பதிவுகளோடு ஒப்பிடுவோம். மேகம் மறைந்த அதே நேரத்தில் காந்தமானியின் கோடு இரவு மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். மின்னோட்டம் திசை மாறி மேற்கே ஓடியிருக்கிறது. கௌண்டர் எலக்ட்ரோஜெட் என்று பெயர். அடிஸ் அபாபா பதிவுகளில் குவான் 1962இல் சுட்டிக்காட்டியது. மேகம் மறைவதையும் மின்னோட்டம் திரும்புவதையும் இணைத்துக் காட்டியதில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.ஜி. ரஸ்தோகிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய நடுக்கோட்டுப் பதிவுகள் அவர் கையில் பேசின. ராக்கெட் விட்டு அளக்க வேண்டிய மின்புலத்தின் திசையை, ஒரு மேகம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பெரிய கௌரவம்.

இனி எஃப் எழுத்தின் கதை. சூரியன் மறைந்ததும் மேல் அடுக்கு, அதாவது எஃப் அடுக்கு, கீழே இறங்க வேண்டியது நியாயம். எங்கள் ஊரில் அது முதலில் விறுவிறுவென்று மேலே ஏறும். அந்திப் பொழுதில் கிழக்கு மின்புலம் ஒருமுறை எகிறிவிட்டுத்தான் திசை திரும்பும். அந்த எகிறல் பிளாஸ்மாவைத் தூக்கிவிடும். அதே நேரம் கீழ்ப்பகுதி எலக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து கரைந்துவிடும். கனமானது மேலே, வெறுமை கீழே. தண்ணீருக்கு அடியில் அகப்பட்ட காற்றைப்போல வெறுமை குமிழியாகப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறும். சில குமிழிகள் ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டும். அந்த இரவில் அயனோகிராமில் கோடே இராது. யாரோ ஈரத் துணியால் துடைத்த சிலேட்டாக இருக்கும். ஓ எது, எக்ஸ் எது, உச்சம் எது, ஒன்றும் சொல்ல முடியாது. எஃப் போட வேண்டியதுதான்.

ஹுவாங்காயோவில் புக்கரும் வெல்ஸும் 1938லேயே இதை எழுதிவிட்டார்கள். ஆனால் நிலையங்களில் எங்களுக்கு அது தொந்தரவாகத்தான் இருந்தது. சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்த வருடங்களில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் அட்டவணைகளில் இரவு எட்டு மணி தொடங்கி வரிசையாக எஃப், எஃப், எஃப். மேலிடத்திலிருந்து ஒருமுறை கடிதமே வந்தது: இரவு மதிப்புகள் மிகக் குறைவு, ஸ்கேலிங்கில் கவனம் தேவை என்று. சிலருக்குக் கை அரித்தது. கலைசலின் ஓரத்தை வைத்து ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் கட்டம் நிறைந்துவிடும், கடிதம் வராது. அண்ணாச்சி விடவில்லை. "இல்லாத கோட்டுக்கு எண் எழுதுனா நாளைக்கு அத நம்பி ஒருத்தன் கணக்குப் போடுவான்" என்று சொல்லி, பதிலாக ஒரு வாரத்து ஃபிலிமையே அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

அந்த எண்களை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் சிற்றலைத் தொடர்பை நடத்தியவர்கள். மாதத்துக்கு, மணிக்கு ஒரு இடைநிலை மதிப்பு எடுத்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எடுபடும் என்று அட்டவணை தயாரிப்பார்கள். எஃப் விழுந்த இரவுகள் இடைநிலையில் சேராது. ஆக அட்டவணை சொல்வது அமைதியான இரவுகளின் வானத்தை மட்டும். கலைந்த இரவில் வயர்லெஸ் ஆப்பரேட்டர் அட்டவணையைப் பார்த்து அழைப்பார். குரல் படபடத்துக் குழறும். ஆண்டுக்கணக்கில் யாரும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

செயற்கைக்கோள்கள் அதை மாற்றின. 1975-76இல் சைட் கல்வித் தொலைக்காட்சிக்காக ஏடிஎஸ்-6 இந்தியப் பக்கம் நகர்த்தப்பட்டபோது அதன் ரேடியோ பீக்கனை ஊட்டியில் பிடித்து ஆராய்ந்தார்கள். பெருவில் ஜிகாமார்கா ரேடாரில் வுட்மனும் லா ஹோஸும் 1976இல் வெளியிட்ட படங்களில் குமிழிகள் புகைத்தூண்களாக எழுவது தெரிந்தது. பின்னால் எங்கள் பக்கத்திலும் மொட்டை மாடியில் யாகி ஏரியல் ஏறியது. ஃப்ளீட்சாட் செயற்கைக்கோளின் 250 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துச் சிக்னலைப் பிடித்து காகிதச் சுருளில் பேனா வரையும். மாலையெல்லாம் நேர்கோடு. இரவு எட்டு மணிவாக்கில் பேனா பேயாட்டம் ஆடத் தொடங்கும். அப்போது அயனோகிராம் அறைக்குப் போனால் அங்கே எஃப். ஒரே குமிழியை இரண்டு எந்திரங்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

காந்தக் கோடுகளின் வேலையை முழுசாகப் புரிந்துகொண்டது அப்போதுதான். குமிழி எங்கள் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு தூரம் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே இறங்கும். தாழ்ந்த குமிழி என்றால் பேனா தெற்கே மட்டும் ஆடும். உயர்ந்த குமிழி என்றால் ஆந்திரா, மகாராஷ்டிரம் வரை சேதி போகும். வடக்கே உள்ள நிலையத்து நண்பர்களிடம் தொலைபேசியில் "இன்னைக்கு ராத்திரி உங்களுக்கும் உண்டு" என்று சொல்லிப் பார்ப்போம். பல நாள் பலித்தது. மத்திய இந்தியாவை ஒட்டி எலக்ட்ரான்கள் குவிந்து கிடப்பதால் அங்கே போய்ச் சேரும் குமிழி எங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகத் துன்பம் தரும்.

ஜிபிஎஸ் பரவியபோது எஃப் எழுத்துக்கு யோகம் அடித்தது. 1.5 கிகாஹெர்ட்ஸ் அலை இந்த அடுக்கை அலட்சியமாகக் கடந்துவிடும் என்பதே பழைய நினைப்பு. குமிழி இரவுகளில் ரிசீவர் ஒன்றிரண்டு செயற்கைக்கோள்களைக் கைநழுவ விடுவது தெரிந்தது. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் என்ற ஜிபிஎஸ் துணை அமைப்பைக் கட்டியபோது நடுக்கோட்டு வானம்தான் பெரிய தலைவலி. அமெரிக்காவில் போட்ட மாதிரிக் கணக்கை அப்படியே இங்கே இறக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் இளம் ஆய்வாளர்கள் எங்கள் ஆவண அறைக்கு வந்து கேட்டது எண்களை அல்ல. எந்த இரவு, எத்தனை மணிக்கு எஃப் தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே கேட்டார்கள். முன்பு கவனம் தேவை என்று கடிதம் வாங்கிக் கொடுத்த வரிசைகள்தான் அவை.

எந்திரங்களும் இதற்குள் மாறிவிட்டன. டிஜிசோண்ட் ஓ அலையைச் சிவப்பாகவும் எக்ஸ் அலையைப் பச்சையாகவும் பிரித்துக் காட்டுகிறது. ஏரியல் திசைக்காகக் காம்பஸைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம் வழியாக வளையச் சூரிய கிரகணம் நடுப்பகலில் போனபோது ஈ அடுக்கு தளர்ந்து மீள்வதைப் புது எந்திரங்கள் நிமிடக் கணக்கில் பதிந்தன. ஃபிலிம் காலத்துக் கால்மணி இடைவெளியில் அதில் பாதி தவறியிருக்கும். படித்துச் சொல்லவும் இப்போது மென்பொருள் இருக்கிறது. தெளிவான பகலில் அது என்னைவிட வேகம், துல்லியமும் குறைவில்லை. கலைந்த இரவில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்த சிலேட்டிலும் ஒரு கோட்டைத் தேடிப் பிடித்து எண் கொடுத்துவிடும். நம்பிக்கை மதிப்பெண் என்று ஒன்றையும் பக்கத்தில் போடும். அட்டவணை தயாரிக்கிறவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்கிய வரிகளை வடிகட்டிக் கழித்துவிடுகிறார்கள். ஏன் குறைந்தது என்ற காரணமும் அதோடு போய்விடுகிறது. பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் கடைசிவரை வற்புறுத்தியது இதைத்தான்: கழிப்பதானால் கழியுங்கள், காரணத்தை மட்டும் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.

பழைய ஃபிலிம் சுருள்களையும் கைப்பட எழுதிய அட்டவணைகளையும் கணினியில் ஏற்றச் செலவு ஆகும், எண்கள் ஏற்கெனவே உலகத் தரவு மையங்களில் இருக்கின்றனவே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பதிவான சூரியச் சுழற்சிகளில் மிக உக்கிரமானது 1957-58இல் உச்சம் கண்டது. அப்போது ஜிபிஎஸ் இல்லை, ஏடிஎஸ் இல்லை, ஜிகாமார்கா ரேடார்கூட இல்லை. அப்படி ஒரு சூரியன் திரும்ப வந்தால் நம் வானத்தில் குமிழிகள் எத்தனை இரவு எழும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டால், சான்று சொல்ல இருப்பது அன்றைய அயனோகிராம்களும், எண் போடாமல் எஃப் போட்ட அந்தக் கைகளும்தான்.